எட்டு அணி, இரண்டு கோர்ட், மூன்று நாள்: போட்டி அட்டவணையை அல்காரிதம் வைத்துப் போடுவது எப்படி?

ஊர் டோர்னமென்டில் பாதித் தகராறு மைதானத்தில் கிளம்புவதில்லை, ஃபிக்சரில்தான் கிளம்புகிறது. "அவங்களுக்கு மட்டும் எப்படி பை (ஒரு சுற்றில் ஆடாமல் இருக்கும் வாய்ப்பு) கிடைச்சது?", "நாங்க ஏன் அடுத்தடுத்து ரெண்டு மேட்ச் ஆடணும்?", "பலமான டீமை எல்லாம் எங்க பக்கமே தள்ளிட்டீங்களே!" கமிட்டியில் இருப்பவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் இதற்குப் பதில் சொல்லித் தப்பிக்க முடியாது. அட்டவணையை எழுதியது அவர் கை.

அல்காரிதம் என்றால் பயப்பட வேண்டாம். முன்கூட்டியே எழுதி வைத்த, யார் செய்தாலும் ஒரே விடை வருகிற செய்முறை, அவ்வளவுதான். நேரம் மிச்சமாகிறது என்பது கூடுதல் லாபம். உண்மையான லாபம் வேறு: விதி சுவரில் ஒட்டியிருக்கிறது, குலுக்கலில் எண் மட்டும் வருகிறது, மீதி தானாக விழுகிறது. அப்புறம் யாரும் யாரையும் சந்தேகப்பட வழியில்லை. இந்த வழிகாட்டி முழுக்க அந்த நோக்கத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறது. கபடியை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். வாலிபால், கிரிக்கெட், கேரம் எதுவானாலும் கணக்கு ஒன்றுதான்.

படி 1: ஆட்டங்களை எண்ணுங்கள்

போஸ்டர் அடிப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. நாக் அவுட்டில் எத்தனை அணி வருகிறதோ அதில் ஒன்றைக் கழித்தால் ஆட்டங்களின் எண்ணிக்கை. ஒவ்வொரு ஆட்டமும் ஒரு அணியை வெளியே அனுப்புகிறது, கடைசியில் ஒரே அணி மிஞ்சுகிறது. எனவே 40 அணிக்கு 39 ஆட்டம். மூன்றாம் இடத்துக்கும் ஆட்டம் வைத்தால் 40. எல்லோரும் எல்லோரோடும் ஆடும் லீக்கில் அணிகளின் எண்ணிக்கையை அதற்கு ஒன்று குறைவான எண்ணால் பெருக்கி, பாதியாக்க வேண்டும். 8 அணிக்கு 28. அதே 40 அணிக்கு 780! கிராமத்துக் கபடி ராத்திரி முழுக்க நாக் அவுட்டாக நடப்பதற்குக் காரணம் இந்த ஒரு கணக்குதான்.

அடுத்து, கையில் எத்தனை ஸ்லாட் (ஒரு ஆட்டத்துக்கான நேரம்) இருக்கிறது என்று பாருங்கள். ஆண்கள் கபடி 20 நிமிடம், 5 நிமிட இடைவேளை, மறுபடி 20 நிமிடம். டைம் அவுட், வாக்குவாதம், கோடு போடுவது எல்லாம் சேர்த்தால் ஒரு ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் வைத்தே ஆக வேண்டும். 45 நிமிடம் என்று போட்டவர்கள் நள்ளிரவில் இறுதிப் போட்டி நடத்துவார்கள். இரண்டு கோர்ட் இருந்தால் 28 ஆட்டத்துக்கு 14 ஸ்லாட். இதற்கு இரண்டு நாள் போதும் போலத் தோன்றும். ஏன் போதாது என்று படி 3இல் பார்ப்போம்.

படி 2: லீக் அட்டவணைக்கான சுழற்சி முறை

8 அணிகளை இரண்டு வரிசையாக எழுதுங்கள். மேலே 1, 2, 3, 4. அதற்கு நேர் கீழே 8, 7, 6, 5. மேலும் கீழுமாக இருப்பவர்கள் மோதுகிறார்கள்: 1–8, 2–7, 3–6, 4–5. இது முதல் சுற்று. இனி 1ஐ மட்டும் அசைக்காமல் வைத்துவிட்டு மற்ற ஏழு எண்களையும் கடிகார முள் போகும் திசையில் ஒரு இடம் நகர்த்துங்கள். மேல் வரிசை 1, 8, 2, 3 ஆகும். கீழ் வரிசை 7, 6, 5, 4. இரண்டாம் சுற்று தயார். இப்படியே ஏழு சுற்று. ஒவ்வொரு அணியும் மற்ற ஏழு அணிகளையும் ஒரே ஒரு முறை சந்தித்திருக்கும். 1847இல் இங்கிலாந்துப் பாதிரியார் தாமஸ் கிர்க்மன் எழுதிய கட்டுரையிலேயே இதற்கான வித்து இருக்கிறது; இன்றும் உலகம் முழுவதும் லீக் அட்டவணைகளுக்கு அடிப்படை இதுதான்.

7 அணிதான் வந்தது என்றால் 8ஆம் எண்ணை ஆளில்லாத அணியாக வைத்துக்கொள்ளுங்கள். அதோடு யார் மோத வேண்டியிருக்கிறதோ அவர்களுக்கு அந்தச் சுற்றில் பை. எல்லோருக்கும் சரியாக ஒரு முறை பை வரும், சண்டைக்கு இடமில்லை.

எக்செல்லில் போடுவதும் எளிது. முதல் சுற்றைக் கையால் எழுதிவிட்டு, இரண்டாம் சுற்றின் ஒவ்வொரு கட்டமும் முந்தைய சுற்றின் பக்கத்துக் கட்டத்தைப் பார்க்கும்படி சுட்டிவிடுங்கள். பிறகு அந்தச் சுற்றை அப்படியே நகலெடுத்துக் கீழே ஒட்டிக்கொண்டே போகலாம்.

இந்த முறையில் ஒரு ஒளிந்த கோளாறு உண்டு, பலரும் கவனிப்பதில்லை. மேலே சொன்ன சுழற்சியில் 5ஆம் அணியோடு ஆடியவர்கள் அடுத்த சுற்றில் யாரோடு ஆடுகிறார்கள் என்று பாருங்கள். 2ஆம் அணி 5ஐ முடித்துவிட்டு 3ஐச் சந்திக்கிறது. 4ஆம் அணியும் அப்படியே. 7ஆம் அணியும், 8ஆம் அணியும்கூட. 5ஆம் அணி ஆளை அடித்துப்போடுகிற முரட்டு அணி என்றால், 3ஆம் அணிக்கு நான்கு முறை களைத்துப்போன எதிரணி கிடைக்கிறது. இலவசப் பரிசு! இதைச் சரிசெய்ய இரண்டு வழி உண்டு. சுற்றுகளின் வரிசையைக் கலைத்துப் போடலாம்: ஏழு சுற்றும் அப்படியே இருக்கட்டும், எது முதலில் வரும் என்பது மட்டும் மாறட்டும். அல்லது எந்த அணிக்கு எந்த எண் என்பதைக் குலுக்கலுக்கு விட்டுவிடலாம். ஆதாயம் யாருக்குப் போகும் என்று முன்கூட்டியே யாருக்கும் தெரியாது. ஊர்ப் போட்டிக்கு இரண்டாவதே போதும்.

வேறு அட்டவணையே கிடையாதா என்றால், இருக்கிறது. எண்களை மாற்றிப்போட்டு வருபவற்றைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் 8 அணிக்கு ஆறு விதமான லீக் அமைப்புகள் உண்டு. 12 அணிக்கு 52 கோடிக்கு மேல். சுழற்சி முறை அதில் ஒன்றை மட்டும் கையில் கொடுக்கிறது, பெரும்பாலான நேரம் அந்த ஒன்று போதும்.

படி 3: ஸ்லாட், ஓய்வு, கோர்ட்

அல்காரிதம் உண்மையில் சோறு போடும் இடம் இதுதான். கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள்.

ஒரு சுற்றுக்கு நான்கு ஆட்டம், இரண்டு கோர்ட், ஆக இரண்டு ஸ்லாட். முதல் சுற்றின் இரண்டாம் ஸ்லாட்டில் 3–6, 4–5 ஆடினார்கள் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஸ்லாட் இரண்டாம் சுற்றின் தொடக்கம். அந்தச் சுற்றின் ஆட்டங்கள் 1–7, 6–8, 2–5, 3–4. இப்போதுதான் ஆடி முடித்த 3, 4, 5, 6 இல்லாத ஆட்டம் எது? 1–7 மட்டும். இன்னொரு கோர்ட்டுக்கு எந்த ஆட்டத்தைப் போட்டாலும் குறைந்தது ஒரு அணி மூச்சு வாங்காமல் மறுபடி இறங்க வேண்டும். முதல் சுற்றில் வேறு இரண்டு ஆட்டங்களைப் பின்னால் தள்ளிப் பாருங்கள், அப்போதும் இடிக்கும். காரணம் இருக்கிறது: இரண்டு சுற்றின் ஆட்டங்களையும் சேர்த்துக் கோடு போட்டால் 1–8–6–3–4–5–2–7–1 என்று எட்டு அணியும் ஒரே வளையமாகிறது. ஓய்வில் இருந்த நான்கு பேர் தங்களுக்குள்ளேயே இரண்டு ஆட்டம் ஆட, நான்கு நான்காகப் பிரிந்த இரண்டு சின்ன வளையங்கள் வேண்டும். இந்த அட்டவணையில் எந்த இரண்டு சுற்றை எடுத்தாலும் அது கிடைக்காது.

அதனால் மாற்றி மாற்றி எழுதி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் ஒரு ஸ்லாட்டைக் காலி விடுங்கள். காலி என்றால் கூட்டம் கலைந்துவிடும். எனவே அதில் ஜூனியர் ஆட்டங்களை நுழைத்துவிடுங்கள். வெள்ளி மாலை 5 முதல் 10 வரை இரண்டு சுற்று, நடுவில் ஒரு ஜூனியர் ஸ்லாட். சனி மதியம் 2 முதல் இரவு 10 வரை மூன்று சுற்று, இரண்டு ஜூனியர் ஸ்லாட். ஞாயிறு 2 முதல் 7 வரை கடைசி இரண்டு சுற்று, ஒரு ஜூனியர் ஸ்லாட், 8 மணிக்கு முதல் இரண்டு இடங்களுக்கான இறுதிப் போட்டி. மொத்தம் நான்கு ஜூனியர் ஸ்லாட். 8 ஜூனியர் அணிகளின் நாக் அவுட்டுக்கு ஏழு ஆட்டம் வேண்டும்: வெள்ளியன்று இரண்டு கால் இறுதி, சனி முதல் இடைவெளியில் மற்ற இரண்டு, அடுத்ததில் அரை இறுதிகள், ஞாயிறு இறுதி. கச்சிதமாகப் பொருந்துகிறது. ஜூனியர் ஆட்டத்தை 15-5-15 என்று வைத்துக்கொண்டால், தாமதமானால் நேரத்தை ஈடுகட்டவும் அங்கேதான் இடம்.

அடுத்தது கோர்ட். மேடைக்கு முன்னால் இருக்கும் ஒன்றாம் கோர்ட்டில் வெளிச்சமும் கூட்டமும் இருக்கும், இரண்டாம் கோர்ட் ஓரத்தில் கிடக்கும். ஏழு ஆட்டத்தில் ஒவ்வொரு அணிக்கும் ஒன்றாம் கோர்ட் 3 அல்லது 4 முறை கிடைக்க வேண்டும். சுழற்சி வரிசையை அப்படியே போட்டால் 1ஆம் அணி ஏழு முறையும் மேடை முன்னால்தான் ஆடும். கீழே இருப்பது சரிசெய்த அட்டவணை. அப்படியே எடுத்துப் பயன்படுத்தலாம்.

சுற்று 1 — கோர்ட் 1: 1–8, 2–7. கோர்ட் 2: 3–6, 4–5
சுற்று 2 — கோர்ட் 1: 2–5, 3–4. கோர்ட் 2: 1–7, 6–8
சுற்று 3 — கோர்ட் 1: 1–6, 5–7. கோர்ட் 2: 4–8, 2–3
சுற்று 4 — கோர்ட் 1: 4–6, 3–7. கோர்ட் 2: 1–5, 2–8
சுற்று 5 — கோர்ட் 1: 2–6, 7–8. கோர்ட் 2: 1–4, 3–5
சுற்று 6 — கோர்ட் 1: 1–3, 2–4. கோர்ட் 2: 5–8, 6–7
சுற்று 7 — கோர்ட் 1: 3–8, 5–6. கோர்ட் 2: 1–2, 4–7

2, 3, 6, 7 அணிகளுக்கு ஒன்றாம் கோர்ட் நான்கு முறை, மற்றவர்களுக்கு மூன்று முறை. இதைவிடச் சமமாகப் பங்கிட முடியாது, ஏழு ஒற்றைப்படை எண்.

படி 4: குலுக்கலை எப்போது வைப்பது

மேலே உள்ள அட்டவணையை எண்களோடு, நேரத்தோடு, அணிப் பெயர் எதுவும் இல்லாமல் பெரிய சார்ட்டில் எழுதி முதலில் சுவரில் ஒட்டுங்கள். அதற்குப் பிறகுதான் கேப்டன்கள் சீட்டு எடுக்க வேண்டும். வரிசை மாறினால் எல்லாம் கெட்டது. குலுக்கல் முடிந்த பிறகு அட்டவணை போட்டால், அதே அல்காரிதமே ஆனாலும், "பேரைப் பாத்துட்டுத்தான் போட்டாங்க" என்பார்கள். சொல்வதில் நியாயமும் இருக்கிறது.

பெரிய இடங்களிலும் இதே கதைதான். 2024 ஆகஸ்ட் 29 அன்று மொனாக்கோவில் ஐரோப்பியக் கால்பந்தின் சாம்பியன்ஸ் லீக் குலுக்கல் நடந்தது. 36 அணி, ஒவ்வொன்றுக்கும் எட்டு எதிரணி என்ற புதிய முறை. அணிப் பெயர் உள்ள பந்தை மேடையில் கையால் எடுத்தார்கள். அந்த அணியின் எட்டு எதிரணிகளைக் கணினி தேர்ந்தது. முழுக்கக் கணினியிலேயே முடித்திருக்கலாம். ஆனால் ஜனங்கள் கண்ணால் பார்க்க ஏதாவது வேண்டும் அல்லவா?

படி 5: நாக் அவுட் மரமும் சீடிங்கும்

அணிகளின் எண்ணிக்கை 4, 8, 16, 32 என்று வந்தால் பிரச்சினை இல்லை. 11 அணி வந்தால்? அடுத்த பெரிய எண் 16. அதில் 11ஐக் கழித்தால் 5. ஐந்து பை, எல்லாமே முதல் சுற்றிலேயே. "போகப் போகப் பாத்துக்கலாம்" என்று 11ஐ ஐந்து ஆட்டமும் ஒரு பையுமாகத் தொடங்கினால், ஆறு பேர் மூன்றாகி, அரை இறுதிக்கு வரும்போது ஒருவர் ஆடாமலேயே இறுதிக்குப் போவார். ஊர்ப் போட்டிகளில் அடிக்கடி நடக்கும் அநியாயம் இது.

மரத்தில் (யார் யாரோடு மோதுவார்கள் என்று கிளை கிளையாகக் காட்டும் படம்) எந்த எண் எங்கே உட்கார வேண்டும் என்பதற்கும் செய்முறை உண்டு. 1, 2 என்று தொடங்குங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு ஜோடி எண்ணைச் சேருங்கள். நான்கு பேர் மரத்தில் ஜோடியின் கூட்டுத்தொகை 5. ஆக 1, 4, 2, 3. எட்டுக்குக் கூட்டுத்தொகை 9: 1, 8, 4, 5, 2, 7, 3, 6. பதினாறுக்கு 17: 1–16, 8–9, 4–13, 5–12, 2–15, 7–10, 3–14, 6–11. 11 அணி என்றால் 12 முதல் 16 வரை ஆளில்லை. எனவே 1 முதல் 5 வரை பை. முதல் சுற்றில் 8–9, 7–10, 6–11 மட்டும். 1ம் 2ம் இறுதிக்கு முன் சந்திக்க முடியாது.

சீடிங் (பலமான அணிகளுக்கு முதல் எண்களைக் கொடுப்பது) யாருக்கு என்பதைப் போன வருட முடிவை வைத்து முதல் நான்கு பேருக்கு மட்டும் கொடுங்கள். மீதி எண்கள் குலுக்கலில் போகட்டும். எல்லோருக்கும் தரவரிசை கொடுக்கப் போனால் அதுவே தனிப் பஞ்சாயத்தாகிவிடும். ஒரே ஊரின் ஏ அணியும் பி அணியும் வந்தால் மரத்தின் எதிரெதிர்ப் பாதியில் போட வேண்டும் என்ற விதியையும் முன்பே எழுதிவிடுங்கள்.

படி 6: குரூப் வைத்தால்

16 அணி என்றால் நான்கு குரூப், குரூப்புக்கு ஆறு ஆட்டம், மொத்தம் 24, கால் இறுதியிலிருந்து ஏழு, ஆக 31. குரூப் பிரிக்கப் பாம்பு போல வளைந்து போங்கள்: 1 முதல் 4 வரை இடமிருந்து வலம், 5 முதல் 8 வரை வலமிருந்து இடம், மறுபடி திரும்பி. முதல் குரூப் 1, 8, 9, 16. இரண்டாவது 2, 7, 10, 15. ஒவ்வொரு குரூப்பின் கூட்டுத்தொகையும் 34.

குரூப்பின் கடைசி இரண்டு ஆட்டங்களை ஒரே நேரத்தில் நடத்துங்கள். 1982 உலகக் கோப்பைக் கால்பந்தில், ஸ்பெயினின் கிகோன் நகரில் ஜூன் 25 அன்று மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் மோதின. அதே குரூப்பின் அல்ஜீரியா தன் கடைசி ஆட்டத்தை முந்தைய நாளே முடித்துவிட்டது. ஜெர்மனி 1–0 என்று வென்றால் இரண்டு அணியுமே அடுத்த சுற்றுக்குப் போகலாம், அல்ஜீரியா வெளியே. பத்தாவது நிமிடம் ஜெர்மனியின் ஹ்ரூபெஷ் கோல் போட்டார். மீதி எண்பது நிமிடம் பந்தைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். யாரும் எந்த விதியையும் மீறவில்லை, அட்டவணைதான் அதற்கு வழிவிட்டது. அதன் பிறகு உலகக் கோப்பையில் கடைசிக் குரூப் ஆட்டங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. மூன்று அணி குரூப் என்றால் எப்போதும் ஒருவர் சும்மா உட்கார்ந்திருப்பார், அதே ஆபத்து திரும்பி வரும். 2026 உலகக் கோப்பைக்கு முதலில் மூன்று மூன்றாகத்தான் திட்டமிட்டார்கள். 2023 மார்ச்சில் நான்கு அணிகள் கொண்ட 12 குரூப்பாக மாற்றினார்கள்.

நம் 8 அணி லீக்கில் கடைசிச் சுற்றில் நான்கு ஆட்டம், கோர்ட் இரண்டுதான். அங்கே இப்படி எழுதிக்கொள்ளலாம்: ஆறாம் சுற்று முடிந்ததும், இறுதிக்கு வாய்ப்புள்ள அணிகளின் ஆட்டங்கள் கடைசி ஸ்லாட்டுக்குப் போகும்.

படி 7: ஆள் நிறைய, நாள் குறைவு என்றால் சுவிஸ்

செஸ், கேரம் மாதிரி 60, 100 பேர் வரும் போட்டிக்கு லீக் முடியாது. நாக் அவுட் வைத்தால் பாதிப் பேர் முதல் ஆட்டத்திலேயே பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். 1895இல் சூரிச்சில் ஒரு செஸ் போட்டியில் தொடங்கியது சுவிஸ் முறை. யாரும் வெளியேறுவதில்லை, ஒவ்வொரு சுற்றிலும் சம புள்ளி உள்ளவர்கள் மோதுகிறார்கள், ஒருமுறை மோதியவர்கள் மறுபடி மோதக் கூடாது. 2022இல் மாமல்லபுரத்தில் நடந்த செஸ் ஒலிம்பியாடின் ஓப்பன் பிரிவில் 188 அணிகள், சுற்று 11தான். எத்தனை சுற்று வேண்டும் என்பதற்குச் சுலபக் கணக்கு: ஆட்களின் எண்ணிக்கையை ஒன்று வரும் வரை பாதி பாதியாக்குங்கள். 64 பேருக்கு ஆறு முறை. அதுதான் குறைந்தபட்சம், கீழே உள்ள இடங்களும் ஓரளவு சரியாக வர ஒன்றிரண்டு கூட்டிக்கொள்ளுங்கள்.

முதல் சுற்றில் மேல் பாதியும் கீழ்ப் பாதியும்: எட்டு பேரில் 1–5, 2–6, 3–7, 4–8. அடுத்த சுற்றிலிருந்து ஒவ்வொரு புள்ளிக் குழுவுக்குள்ளும் அதே. ஒற்றைப்படையாக வந்தால் ஒருவர் கீழ்க் குழுவுக்கு இறங்குவார். பை ஒருவருக்கு ஒரு முறைக்கு மேல் கூடாது.

கையால் ஜோடி போடுபவர்கள் மாட்டிக்கொள்வது அட்டவணையின் அடியில்தான். கடைசியில் நான்கு பேர் மிச்சம்: அ, ஆ, இ, ஈ. மேலிருந்து வரிசையாகப் போட்டதில் அ–ஆ முடிந்தது. இ–ஈ மிச்சம், ஆனால் அவர்கள் முதல் சுற்றிலேயே ஆடிவிட்டார்கள். பின்னால் போய் அ–ஆவைப் பிரித்து அ–இ, ஆ–ஈ என்று போட வேண்டும். நூறு பேரில் இப்படிப் பின்னால் போவது பத்து ஜோடி வரை மேலே இழுக்கும். எல்லா ஜோடிகளையும் ஒரே நேரத்தில் பார்த்துச் சிறந்த இணைப்பைக் கண்டுபிடிக்கும் முறையைக் கணித அறிஞர் ஜாக் எட்மண்ட்ஸ் 1965இல் கொடுத்தார். அதன் வழிவந்த முறைகளைச் சில ஜோடி போடும் மென்பொருள்கள் பயன்படுத்துகின்றன. 20 பேருக்கு மேல் போனால் மென்பொருளை நம்புங்கள், வீரம் வேண்டாம்.

ஆள் மிகக் குறைவாக இருந்தாலும் சுவிஸ் உடையும். ஆறு பேரில் 1, 2, 3 மூவரும் 4, 5, 6 மூவரையும் மூன்று சுற்றில் சந்தித்துவிட்டால், மிச்சம் இருக்கும் ஆட்டங்கள் எல்லாம் மூவருக்குள்ளேயேதான். மூன்று பேரை ஜோடி ஜோடியாகப் பிரிக்க முடியாது. நான்காம் சுற்றே போட முடியாது, எந்தக் கணினி வந்தாலும். ஆறு பேருக்கு லீக் வையுங்கள், ஐந்தே சுற்று.

படி 8: சொந்த மைதானம், தூரம், பெரிய லீக்

மாவட்ட லீக் மாதிரி ஒவ்வொரு அணிக்கும் சொந்த மைதானம் இருந்தால், உள்ளூர், வெளியூர் என்று மாறி மாறி வர வேண்டும். எல்லோருக்கும் பிசகாமல் மாறி வராது. பிசகாத வரிசை இரண்டுதான்: உள்ளூரில் தொடங்குவது, வெளியூரில் தொடங்குவது. ஒரே வரிசை உள்ள இரண்டு அணிகள் எந்த நாளிலும் மோத முடியாது, இரண்டும் ஒரே நேரத்தில் உள்ளூரில் இருக்கும். எனவே இரண்டு அணிக்கு மட்டுமே அந்தப் பாக்கியம். 8 அணி லீக்கில் மற்ற ஆறுக்கும் குறைந்தது ஒரு முறையாவது தொடர்ந்து இரண்டு உள்ளூர் அல்லது இரண்டு வெளியூர் வந்தே தீரும். யாராவது புகார் சொன்னால் இதைக் காட்டுங்கள்.

பயண தூரம், டிவி நேரம், பண்டிகை, மைதானம் கிடைக்கும் நாள் எல்லாம் சேர்ந்தால் சுழற்சி முறை போதாது. அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் 30 அணி, அணிக்கு 162 ஆட்டம், மொத்தம் 2430. 1982 சீசன் முதல் 2004 வரை ஹென்றி, ஹாலி ஸ்டீஃபன்சன் என்ற தம்பதிதான் அந்த அட்டவணையைத் தயாரித்தார்கள். 2005 முதல் மைக்கேல் டிரிக், ஜார்ஜ் நெம்ஹாசர் ஆகிய பேராசிரியர்கள் இருந்த குழு கணித முறையில் அதைச் செய்தது. தென் அமெரிக்காவின் 10 நாடுகள் ஆடும் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றிலும் 2018 கோப்பைக்கான சுற்றிலிருந்து இதே வகை முறைதான். அடுத்தடுத்து இரண்டு ஆட்டம் வரும் வாரத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒன்று உள்ளூர், ஒன்று வெளியூர். அர்ஜென்டினா, பிரேசில் இரண்டையும் ஒரே வாரத்தில் யாரும் சந்திக்கக் கூடாது. இப்படி நிபந்தனைகளை எழுதிக் கொடுத்து அட்டவணையை வாங்கினார்கள்.

உள்ளே நடப்பது இதுதான். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ஆம்/இல்லை கட்டம். 28 ஆட்டம், 7 சுற்று என்றால் 196 கட்டம். ஒவ்வொரு ஆட்டமும் சரியாக ஒரு முறை ஆம். ஒரு சுற்றில் ஒரு அணிக்கு ஒரு ஆம். இவை மீறவே கூடாத நிபந்தனைகள். "முடிந்தால் நல்லது" வகை நிபந்தனைகளுக்கு அபராதப் புள்ளி கொடுங்கள்: தொடர் ஆட்டத்துக்கு 10, பிடிக்காத நேரத்துக்கு 3 என்று. அபராதம் மிகக் குறைவாக வரும் விடையைக் கணினி தேடும். இதற்கான கூகுளின் ஓஆர்-டூல்ஸ் மென்பொருள் இலவசம். பைத்தான் கொஞ்சம் தெரிந்த கல்லூரிப் பிள்ளைகள் ஒரு வார இறுதியில் எழுதிவிடுவார்கள். அபராதப் புள்ளி எவ்வளவு என்று தீர்மானிக்க வேண்டியது மட்டும் கமிட்டி, கூட்டம் போட்டு. அதை நிரல் எழுதும் பையனிடம் விடாதீர்கள்.

படி 9: சமநிலை விதியை எழுதி, உடைத்துப் பாருங்கள்

புள்ளி சமமானால் என்ன? நேரடி மோதல், பிறகு புள்ளி வித்தியாசம், பிறகு எடுத்த மொத்தப் புள்ளி, கடைசியில் டாஸ். மூன்று பேர் சமமாகி ஒருவரை ஒருவர் வென்றிருந்தால் நேரடி மோதல் வட்டமடிக்கும். அப்போது அந்த மூவருக்குள் நடந்த ஆட்டங்களின் வித்தியாசத்தை மட்டும் எடுக்க வேண்டும் என்று எழுதுங்கள்.

கிரிக்கெட்டில் நெட் ரன் ரேட் போடும்போது அதிகம் நடக்கும் பிழை ஓவரில்தான். 18.3 ஓவர் என்றால் 18 ஓவரும் மூன்று பந்தும், அதாவது 18.5. எக்செல்லில் அப்படியே 18.3 என்று போட்டு வகுத்தால் கணக்கு தப்பு. எல்லாப் பந்தையும் எண்ணி ஆறால் வகுப்பதே பத்திரம். ஆல் அவுட்டான அணிக்கு ஆடிய ஓவரை எடுக்கக் கூடாது, முழு ஒதுக்கீட்டை எடுக்க வேண்டும்: 20 ஓவர் ஆட்டத்தில் 15 ஓவரில் 120க்கு ஆல் அவுட் என்றால் ரேட் 8 அல்ல, 6.

விதியை எழுதியதும் குறுக்குப்புத்தி உள்ள ஒருவரிடம் கொடுத்து, "இதுல எப்படிக் கள்ளாட்டம் ஆடலாம்?" என்று கேளுங்கள். 1994 ஜனவரியில் கரீபியன் கோப்பைக் கால்பந்துத் தகுதிச் சுற்றில், கூடுதல் நேரத்தில் விழும் கோல் இரண்டாகக் கணக்கு என்று ஒரு விதி வைத்தார்கள். பார்படோஸ் இரண்டு கோல் வித்தியாசத்தில் கிரெனடாவை வெல்ல வேண்டும். ஆட்டம் முடியும் நேரத்தில் 2–1. பார்படோஸ் யோசித்தது, 87ஆவது நிமிடம் தன் வலையிலேயே பந்தை அடித்து 2–2 ஆக்கியது. இப்போது கிரெனடாவுக்கு எந்தப் பக்கம் கோல் விழுந்தாலும் லாபம். மீதி நிமிடங்களில் பார்படோஸ் இரண்டு கோல் கம்பங்களையும் காவல் காத்தது! கூடுதல் நேரத்தில் ஒரு கோல் போட்டு 4–2 என்று வென்று முன்னேறியது.

படி 10: மழை, வராத அணி, பாதியில் போன அணி

மழை வந்தால் அட்டவணையை மறுபடி கலைத்துப் போடாதீர்கள். ஸ்லாட்டுகளை அப்படியே பின்னால் தள்ளுங்கள். முதலில் ஜூனியர் இடைவெளியைச் சுருக்குங்கள். அதுவும் போதாவிட்டால் ஆட்ட நேரத்தை எல்லோருக்கும் ஒரே அளவாகக் குறையுங்கள். யார் யாரோடு, எந்தக் கோர்ட்டில் என்பது மாறவே கூடாது.

அணி வராவிட்டால் எத்தனை நிமிடம் காத்திருப்பது என்று எழுதுங்கள், 15 போதும். வாக்ஓவருக்கு (எதிரணி வராமல் கிடைக்கும் வெற்றி) எத்தனை புள்ளி வித்தியாசம் கணக்கில் சேரும் என்பதையும் எழுதுங்கள். இல்லையென்றால் வித்தியாசத்தில் பின்தங்கிய அணி கடைசி நாள் வந்து சண்டை போடும்.

லீக் நடுவில் ஒரு அணி விலகினால், செஸ் லீக் போட்டிகளில் உள்ள வழக்கத்தைப் பின்பற்றலாம். பாதிக்குக் குறைவாக ஆடியிருந்தால் அந்த அணியின் எல்லா முடிவுகளும் புள்ளிக் கணக்கிலிருந்து நீங்கும். பாதியோ அதற்கு மேலோ ஆடியிருந்தால் முடிவுகள் நிற்கும், மீதி ஆட்டங்கள் எதிரணிகளுக்கு வாக்ஓவர். நம் ஏழு ஆட்டத்தில் மூன்று ஆடிப் போனால் நீக்கம், நான்கு ஆடிப் போனால் வாக்ஓவர். நுழைவுக் கட்டணத்துக்கு மேல் தனியாக ஒரு முன்பணம் வாங்கி, ஏழு ஆட்டமும் முடித்த அணிக்கு மட்டும் திருப்பிக் கொடுத்தால், இந்த விதியைப் பயன்படுத்த வேண்டிய நிலை அநேகமாக வராது.

முடிவுகளை எழுதும் எக்செல் தாளை ஒருவர் மட்டும் திருத்தட்டும். மற்றவர்கள் போனில் பார்க்க மட்டும் அனுமதி. ஒவ்வொரு ஆட்டமும் முடிந்ததும் நடுவரின் கையெழுத்துள்ள ஸ்கோர் ஷீட்டைப் படம் எடுத்து அணிகளின் வாட்ஸ்அப் குரூப்பில் போடுங்கள். ஆட்சேபணை இருந்தால் அடுத்த சுற்று தொடங்குவதற்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், அதற்குப் பிறகு செல்லாது. இதையும் சார்ட்டின் கடைசி வரியாக, குலுக்கலுக்கு முன்பே, எழுதி ஒட்டிவிடுங்கள்.